தருமபுரியில் எடுத்த ரத்தத்தில் புற்றுநோய்க் குமிழிகளைத் தேட எந்த முறை ஏற்றது?

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு புற்றுநோயாளியிடம் எடுத்த ரத்தத்திலிருந்து செல்வெளிக் குமிழிகளை (செல்கள் வெளியே விடும் நுண்ணிய சவ்வுப் பைகளை) பிரிக்க முக்கியமாக நான்கு வழிகள் உண்டு. அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் என்னும் அதிவேகச் சுழற்சிக் கருவியில் சுற்றிப் படிய வைப்பது, செபரோஸ் ஜெல் வழியாக வடியவிடுவது, பி.இ.ஜி. (பாலிஎத்திலீன் கிளைக்கால்) கலந்து வீழ்படிவாக்குவது, ஆன்டிபாடி பூசிய காந்த மணிகளால் பிடிப்பது. கையருகே எந்தக் கருவி இருக்கிறதோ அதை வைத்து முறையைத் தேர்வு செய்வதே பல இடங்களில் வழக்கம். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று முதலில் கேட்டால் தேர்வு வேறு மாதிரி அமையும். அதற்கும் முன்னால், ஊசி குத்திய முதல் ஒரு மணி நேரத்தைச் சரிசெய்யாவிட்டால் எந்த முறையை எடுத்தாலும் வீண்.

எல்லாச் செல்களும் குமிழிகளை வெளியே விடுகின்றன. செல்லுக்குள்ளே எண்டோசோம் என்னும் சவ்வறையில் உருவாகி வெளிவரும் எக்ஸோசோம்கள் சுமார் 30 முதல் 150 நானோமீட்டர் அளவு. செல் சவ்விலிருந்தே மொட்டுவிட்டுப் பிரிபவை சுமார் 100 முதல் 1,000 நானோமீட்டர். சாகும் செல் சிதறவிடுபவை இன்னும் பெரியவை. முதிராத சிவப்பணுக்கள், இரும்பை உள்வாங்க உதவும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை இப்படிக் குமிழியாக வெளியேற்றுவதை 1983-இல் இரண்டு குழுக்கள் கண்டன. வேண்டாததை வெளியே தள்ளும் வழி என்றுதான் அன்று அதற்குப் பொருள் கொண்டார்கள். 2007-இல் குமிழிகள் ஒரு செல்லின் ஆர்.என்.ஏ.வை இன்னொரு செல்லுக்குக் கொண்டுசேர்ப்பது தெரிந்தபின் புற்றுநோய் ஆய்வாளர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அதன்பின் வந்த மூன்று கண்டுபிடிப்புகள் முறையைத் தேர்வு செய்வதோடு நேரடியாகத் தொடர்புடையவை. 2008-இல் கிளியோபிளாஸ்டோமா மூளைக்கட்டியின் குமிழிகளில் அந்தக் கட்டிக்கே உரிய மாறுபட்ட ஈ.ஜி.எஃப்.ஆர். (வளர்ச்சிச் சமிக்ஞையை ஏற்கும் புரதம்) செய்தி ஆர்.என்.ஏ. இருப்பது நோயாளிகளின் ரத்தத்திலேயே காட்டப்பட்டது. 2015-இல் குமிழியின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் புரதமே அது எந்த உறுப்புக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. ஆல்ஃபா-6 பீட்டா-4 வகை இன்டெக்ரின் இருந்தால் நுரையீரல், ஆல்ஃபா-வி பீட்டா-5 இருந்தால் கல்லீரல். புற்றுச்செல் போய்ச் சேரும் முன்பே குமிழிகள் போய் அங்கே மண்ணைப் பண்படுத்தி வைக்கின்றன. 2018-இல் மெலனோமா என்னும் தோல் புற்றின் குமிழிகள் தம் மேல் பி.டி.-எல்1 புரதத்தைச் சுமந்துபோய், கட்டிக்குத் தொலைவிலேயே நோயெதிர்ப்பு டி செல்களை அடக்குவது காட்டப்பட்டது. முதலாவது உள்ளிருக்கும் சரக்கைப் பற்றியது. மற்ற இரண்டும் மேற்பரப்பைப் பற்றியவை. சரக்கைத் தேடுகிறவருக்கும் மேற்பரப்பைத் தேடுகிறவருக்கும் ஒரே முறை பொருந்தாது.

முதலில் ரத்தக் குழாய்

ரத்தத்தைத் தருமபுரியில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அப்படியே பெங்களூருவுக்கு அனுப்புவது என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் திட்டம். இது இரண்டு விதத்தில் கெடுக்கும். குளிர் பட்டால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் கிளர்ந்து தாமே குமிழிகளை உதிர்க்கும். ஓசூர் தாண்டி நெரிசலில் நின்று நின்று போகும் வண்டியின் குலுக்கலும் அதையே செய்யும், கூடவே சிவப்பணுக்களையும் உடைக்கும். போய்ச் சேரும்போது குழாயில் இருப்பவற்றில் பெரும்பங்கு வழியில் பிறந்த குமிழிகளாகவே இருக்கும். கட்டியிலிருந்து வந்தவை அதற்குள் எங்கோ மூலையில். ஐஸ் இல்லாமல் அனுப்பலாமா என்றால், சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் இருக்கும் சூடும் உதவாது.

எனவே பிளாஸ்மாவை உள்ளூரிலேயே பிரித்துவிட வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கும் மேசை சென்ட்ரிஃப்யூஜ் போதும். 21 கேஜ் ஊசி. கட்டுப்பட்டையை நீண்ட நேரம் இறுக்கி வைக்காமல் எடுக்க வேண்டும். முதலில் வரும் 2 அல்லது 3 மில்லி ரத்தத்தைக் குமிழிகளுக்குப் பயன்படுத்தாமல் வேறு சோதனைக்குக் கொடுத்துவிடலாம், ஏனென்றால் ஊசி குத்திய இடத்தில் கிளர்ந்த தட்டணுக்கள் அதில்தான் சேரும். நீல மூடி சிட்ரேட் குழாய் நல்லது. ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாயும் ஆகும். ஆய்வு முடியும்வரை ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும், பாதியில் மாற்றக் கூடாது. பச்சை மூடி ஹெப்பாரின் வேண்டாம், அது மரபுப்பொருளைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். வினையைத் தடுக்கும். உறைந்த ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரமும் வேண்டாம். ரத்தம் உறையும்போதே தட்டணுக்கள் குமிழிகளைக் கொட்டித் தீர்த்துவிடும்.

குழாயை நிமிர்த்தியே வைத்து, அறை வெப்பத்தில், ஒரு மணி நேரத்துக்குள் 2,500 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல் 2,500 மடங்கு) 15 நிமிடம் சுற்ற வேண்டும். பிரேக் போடக் கூடாது. போட்டால் படிந்த தட்டணுக்கள் மேலே கிளம்பும். மேலிருக்கும் பிளாஸ்மாவை, வெள்ளணு அடுக்குக்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டுவிட்டு எடுத்துப் புதிய குழாயில் ஊற்றி, அதே 2,500 ஜி-யில் இன்னொரு 15 நிமிடம். இரண்டாவது சுற்றைச் சோம்பலில் விடுபவர்கள் பிறகு வருந்துவார்கள். மிச்சமிருக்கும் தட்டணுக்கள் உறைய வைக்கும்போது உடைந்து, அந்தத் துண்டுகள் எக்ஸோசோம் போலவே எண்ணிக்கையில் ஏறும். அதற்குப்பின் எந்தக் கருவியாலும் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, ஜி-க்கும் ஆர்.பி.எம்.-க்கும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதற்கும்) உள்ள வேறுபாட்டைப் பார்க்காமல் விடுவது. "3,000-இல் சுற்றினோம்" என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள். ரோட்டரின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் 3,000 ஆர்.பி.எம். தருவது சுமார் 1,000 ஜி மட்டுமே. 2,500 ஜி வேண்டுமானால் அதே ரோட்டர் 4,730 ஆர்.பி.எம். சுற்ற வேண்டும். ஆரம் 16 சென்டிமீட்டராக இருந்தால் 3,740 போதும். கணக்கு எளிது: சென்டிமீட்டரில் ஆரம், ஆர்.பி.எம்.-இன் வர்க்கம், 0.00001118, இந்த மூன்றையும் பெருக்கினால் ஜி கிடைக்கும். ஆரத்தை அளந்து, கணக்குப் போட்டு, கருவியின் மேலேயே ஒரு காகிதத்தில் ஒட்டிவிடுங்கள்.

சாப்பாடும் கணக்கில் வரும். அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ முதல் பஸ்ஸில் வரும் நோயாளி பஸ் ஸ்டாண்டில் வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டு ஓ.பி. வரிசையில் நிற்பார். இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பிளாஸ்மா பால்போல் கலங்கியிருக்கும். அந்தக் கலங்கல் கைலோமைக்ரான் என்னும் கொழுப்புத் துகள்கள். சுமார் 75 நானோமீட்டரிலிருந்து 1,000-ஐத் தாண்டியும் இருக்கும் அவை அளவில் குமிழிகளோடு ஒன்றிப்போகும். வெறும் வயிறே நல்லது. ஆனால் சர்க்கரை நோயாளிகளையும் உடல் தளர்ந்தவர்களையும் ஆய்வுக்காகப் பட்டினி போடுவது சரியல்ல. ஆய்வில் சேர்ந்தவர்களை வரிசையில் முதலில் கூப்பிட ஏற்பாடு செய்து, கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் சாப்பிட்டதையும் எழுதிவைத்தால் போதும்.

சிவப்பணுக்கள் உடைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதை நம்பாமல், 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளக்க வேண்டும். 0.2-ஐத் தாண்டினால் அந்த மாதிரியை மைக்ரோ ஆர்.என்.ஏ. (ஜீன்களைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்.என்.ஏ.) ஆய்விலிருந்து விலக்கிவிடலாம். சிவப்பணுவுக்குள் நிறைந்திருக்கும் மிர்-451 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ. மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும்.

பிறகு 0.5 மில்லி வீதம் பிரித்து மைனஸ் 80 டிகிரியில். அந்த ஃபிரீசரை நம்ப முடியாத அளவுக்கு மின்சாரம் போய் வரும் இடமென்றால் திரவ நைட்ரஜனே மேலானது. மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் கொண்டுவரும் அதே வகைக் கேன்தான். திரவம் மைனஸ் 196 டிகிரி, மின்சாரமே வேண்டாம், பெங்களூருவரை பயணத்திலும் பயமில்லை. நைட்ரஜனுக்குத் தாங்கும் கிரையோ குழாய்களையே பயன்படுத்த வேண்டும், அதுவும் திரவத்தில் மூழ்காமல் ஆவியில் இருக்கும்படி. சாதாரண மூடிக் குழாய்க்குள் திரவம் புகுந்தால் வெளியே எடுக்கும்போது வெடிக்கும். உருக்குவது ஒரே ஒரு முறை, 37 டிகிரி நீரில், விரைவாக.

நான்கு வழிகளும் எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ்தான் பழைய வழி, இன்றும் அதிகம் பேர் நம்புவது. 300 ஜி, 2,000 ஜி, 10,000 ஜி என்று படிப்படியாகக் கழித்துவிட்டு, கடைசியில் 100,000 ஜி-யில் 70 நிமிடம். படிவைப் பி.பி.எஸ். என்னும் உப்புப் பஃபரில் கரைத்து மறுபடியும் 70 நிமிடம். செல் வளர்ப்புத் திரவத்துக்கு இது பொருந்தும். (அந்தத் திரவத்தில் சேர்க்கும் கன்றுச் சீரத்திலேயே மாட்டுக் குமிழிகள் உண்டு. முன்கூட்டியே 100,000 ஜி-யில் 18 மணி நேரம் சுற்றி அவற்றை நீக்காவிட்டால் மாட்டைத்தான் ஆராய்வீர்கள்.) பிளாஸ்மா கொழகொழப்பானது. அதில் குமிழிகள் மெதுவாகப் படியும், அதனால் சம அளவு பி.பி.எஸ். ஊற்றி நீர்க்க வைத்தே சுற்ற வேண்டும். அப்போதும் ஒவ்வொரு கழுவலிலும் கணிசமான பங்கு போய்விடும், மிஞ்சுபவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குழாய் நிறைய ஊற்றாவிட்டால் அந்த விசையில் குழாயே நசுங்கும். எதிரெதிர்க் குழாய்களின் எடையைத் தராசில் சமன்செய்தாக வேண்டும். சாய்ந்த ரோட்டரில் படிவு குழாயின் அடியில் இருக்காது, வெளிப்பக்கச் சுவரில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சுற்றும் முன்பே அந்தப் பக்கத்தில் பேனாவால் குறியிடாதவர் படிவைத் தண்ணீரோடு கொட்டிவிடுவார். முழுநாள் வேலை, ஒரு சுற்றில் சில மாதிரிகள் மட்டும். 60 நோயாளிகளின் மாதிரிகளை இதில் ஓட்ட வேண்டுமானால், வேறு ஊர் ஆய்வகத்தில் நேரம் கேட்டுக் காத்திருக்கும் குழுவுக்கு மாதங்கள் ஓடிவிடும்.

பி.இ.ஜி. வீழ்படிவு இதற்கு நேரெதிர். பி.இ.ஜி. 6000-ஐ 16 கிராமும் சோடியம் குளோரைடு 5.84 கிராமும் நீரில் கரைத்து 100 மில்லியாக்கி, வடிகட்டி, மாதிரியின் அளவுக்குச் சமமாகச் சேர்த்தால் கடைசியில் 8 சதவீதம் வரும். இரவு முழுக்க 4 டிகிரியில் வைத்து, காலையில் 3,000 ஜி-யில் ஒரு மணி நேரம். வேதியியல் துறை உள்ள எந்தக் கல்லூரியிலும் செய்யலாம். குழாயின் அடியில் வெள்ளையாக நல்ல படிவு தெரியும். அதைப் பார்த்து மகிழ்வதுதான் ஆபத்து. பிளாஸ்மாவில் அந்த வெள்ளைப் படிவின் பெரும்பகுதி ஃபைப்ரினோஜன், இம்யூனோகுளோபுலின், ஆல்புமின், லிப்போபுரதங்கள். விலை கொடுத்து வாங்கும் வீழ்படிவு கிட்டுகள் பலவற்றின் உள்ளேயும் இதே தத்துவம்தான். ஒட்டிக்கொண்டிருக்கும் பி.இ.ஜி., புரதங்களை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அளவீட்டையும் கெடுக்கும். இந்தப் படிவைச் செல்களின் மேல் ஊற்றி "குமிழிகள் செல்லை வளரச் செய்தன" என்று எழுதுவது மன்னிக்க முடியாத பிழை. வளரச் செய்தது எது என்று அந்தச் சோதனையால் சொல்லவே முடியாது.

ஆர்.என்.ஏ. பார்க்க மட்டும் என்றால் பி.இ.ஜி. போதும் என்று ஒரு வாதம் உண்டு. அதையும் அப்படியே ஏற்க முடியாது. பிளாஸ்மாவில் செல்லுக்கு வெளியே மிதக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் பெரும்பங்கு ஆர்கோநாட்-2 புரதத்தோடு ஒட்டியிருக்கிறது, குமிழிக்குள் இல்லை என்பது 2011-இலேயே காட்டப்பட்டது. எண்ணிப் பார்த்தால் ஒரு குறிப்பிட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. குமிழிக்கு ஒரு பிரதி என்ற கணக்குக்கூடச் சராசரியில் வருவதில்லை. பி.இ.ஜி. இரண்டையும் சேர்த்தே கீழே இறக்கும். மாதிரியை மூன்றாகப் பிரித்து, ஒன்றை அப்படியே விட்டு, ஒன்றுக்குப் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டீனேஸ்-கே கொடுத்து, அந்த நொதியை முடக்கியபின் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் ஆர்.என்.ஏ.ஸ் நொதி கொடுத்து, மூன்றாவதில் டிட்டர்ஜென்ட் ஊற்றிச் சவ்வைக் கரைத்தபின் அதே இரண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவதில் தப்பி மூன்றாவதில் அழிந்தால்தான் அந்த ஆர்.என்.ஏ. குமிழிக்குள் இருந்தது. நோயாளியையும் நலமானவரையும் பிரித்துக்காட்டும் அடையாளம் மட்டும் போதும், அது எங்கிருந்து வந்தாலும் சரி என்பவர்கள் பி.இ.ஜி.யை எடுக்கலாம். கட்டுரையில் "எக்ஸோசோம்" என்ற சொல்லை மட்டும் போடக் கூடாது.

காந்த மணிகள் சி.டி.9, சி.டி.63, சி.டி.81 போன்ற மேற்பரப்புப் புரதங்களைப் பிடித்திழுக்கும். நான்கில் அதிகத் தேர்ந்தெடுப்பு உள்ளது இதுதான், அதிகச் செலவும் இதுதான். ரத்தத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: தட்டணுக் குமிழிகள் சி.டி.9 நிறைந்தவை, அதைக் கொண்டு பிடித்தால் அவையே வந்து நிற்கும். எபித்தீலியப் புற்றுக்கு (உறுப்புகளின் உறைச் செல்களில் தோன்றுவது) அச்செல்களின் மேற்பரப்புப் புரதமான எப்கேமைப் பிடிக்கும் ஆன்டிபாடியை நாடுவார்கள். ஆனால் பரவத் தொடங்கும் புற்றுச்செல்கள் பல எப்கேமைக் குறைத்துக்கொள்கின்றன. எதைத் தேடுகிறோமோ அதுவே கைக்குத் தப்பும். மணியிலிருந்து விடுவிக்க அமிலம் பயன்படுத்தினால் மேற்பரப்பு சிதையும். பி.டி.-எல்1 போல ஒரே ஒரு புரதத்தைக் குறிவைத்து, பிடித்தபடியே அளந்துவிடும் ஆய்வுக்கு இது ஏற்றது. முதல் ஆய்வுக்கு வேண்டாம்.

நம் மாவட்டச் சூழலுக்குப் பரிந்துரைக்கத் தகுந்தது செபரோஸ் சி.எல்.-2பி ஜெல். தத்துவம் எளிது. ஜெல் மணிகளில் நுண்துளைகள் உண்டு. புரதங்கள் துளைக்குள் நுழைந்து சுற்றி வரும், நுழைய முடியாத குமிழிகள் முந்தி வெளிவரும். விசை இல்லை, அழுத்தம் இல்லை, மேற்பரப்பு கெடுவதில்லை. 10 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சின் முனையில் நைலான் ஸ்டாக்கிங் துணியைத் திணித்து, எத்தனாலை நன்கு கழுவி நீக்கிய ஜெல்லை ஊற்றி 10 மில்லி அளவுக்குப் படியவிட்டால் கருவி தயார். ஊற்றும் முன் ஜெல்லிலும் பஃபரிலும் உள்ள காற்றை நீக்க வேண்டும். காற்றுக்குமிழ் சிக்கினால் திரவம் அதைச் சுற்றி ஓடி எல்லாம் கலந்துவிடும். ஒரு நொடிகூட ஜெல்லின் மேல்தளம் காயக் கூடாது. காய்ந்து விரிசல் விட்டால் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவதே வழி. ஜெல்லை உறையவும் விடக் கூடாது.

மேலிருக்கும் பஃபர் ஜெல்லின் தளத்தைத் தொடும் நேரத்தில் 0.5 மில்லி பிளாஸ்மாவை விடுங்கள். அது உள்ளே இறங்கியதும் பஃபர் ஊற்றிக்கொண்டே 0.5 மில்லி வீதம் 24 குழாய்களில் பிடியுங்கள். குமிழிகள் ஏறத்தாழ 7 முதல் 10-ஆம் குழாய்களில் வரும், புரதங்கள் அதன்பின் பெருகும். இந்த எண்களை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஒவ்வொருவர் ஊற்றும் சிரிஞ்சிலும் ஒன்றிரண்டு குழாய் முன்பின் ஆகும். முதல் சிரிஞ்சில் எல்லாக் குழாய்களிலும் புரதத்தையும் சி.டி.63-ஐயும் அளந்து, எங்கே குமிழி முடிகிறது, எங்கே ஆல்புமின் தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பேராசைப்பட்டு 1.5 மில்லி பிளாஸ்மாவை ஏற்றினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

இந்த முறைக்கும் குறை உண்டு. நான்கு குழாய்களைச் சேர்த்தால் 2 மில்லி, அதாவது மாதிரி நான்கு மடங்கு நீர்த்திருக்கும். 100 கிலோடால்ட்டன் (மூலக்கூறு எடை அளவு) வடிகட்டியில் செறிவாக்கலாம். வடிகட்டி முழுக்க வற்றும்வரை சுற்றினால் குமிழிகள் சவ்விலேயே ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, செபரோஸ் அளவைப் பார்த்துப் பிரிக்கிறது. எச்.டி.எல்., ஆல்புமின் போன்ற சிறியவை நீங்கும். குமிழிகளின் அளவே உள்ள வி.எல்.டி.எல்., கைலோமைக்ரான் ஆகிய கொழுப்புத் துகள்கள் கூடவே வரும். வெறும் வயிற்று ரத்தம் என்று முன்னால் அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். அவற்றையும் நீக்கியே தீர வேண்டுமென்றால், செபரோஸில் வந்ததை அயோடிக்ஸனால் என்னும் கனமான திரவத்தின் அடர்த்திப் படிநிலையில் 100,000 ஜி-யில் 16 முதல் 18 மணி நேரம் சுற்ற வேண்டும். கொழுப்புத் துகள்கள் மேலே மிதக்கும், குமிழிகள் மில்லிக்கு 1.10 முதல் 1.15 கிராம் அடர்த்தியில் நிற்கும். புரதப் பட்டியல் எடுக்கப்போகும் நான்கைந்து மாதிரிகளுக்கு மட்டும் இந்த இரட்டை வேலை செய்யலாம். உறைந்த மாதிரிகளோடு பெங்களூருக்குப் போய் அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜில் நேரம் வாங்குவதற்குப் பொருள் வருவது இந்த இடத்தில்தான்.

வாய்ப் புற்றை ஆராய்பவர்களுக்கு ரத்தத்தைவிட உமிழ்நீர் நெருங்கிய மாதிரி, ஊசியும் வேண்டாம். வெற்றிலை, புகையிலை போடுபவர்களிடம் வாயை நன்கு கொப்பளிக்கச் செய்து அரை மணி நேரம் கழித்து, தானாக ஊறுவதை 5 மில்லி சேகரித்து, சம அளவு பி.பி.எஸ். சேர்த்துச் சுற்ற வேண்டும். வாயின் பாக்டீரியாக்களும் 20 முதல் 250 நானோமீட்டர் குமிழிகளை விடும் என்பதால் துகள் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிறுநீர் என்றால் யூரோமாடுலின் புரதம் வலைபோல் பின்னிக் குமிழிகளைப் பிடித்துவைக்கும், டி.டி.டி. (டைதயோத்ரெய்டால்) கொடுத்து அதை அவிழ்க்க வேண்டும்.

எந்த வழியில் பிரித்தாலும் பிரித்தது குமிழிதான் என்று காட்டியாக வேண்டும். உலக அளவில் இத்துறையினர் 2014, 2018, 2023 என மூன்று முறை தொகுத்த மிசெவ் வழிகாட்டிகள் கேட்பது இதையே. சவ்வுப் புரதம் ஒன்று, உள்ளிருக்கும் டி.எஸ்.ஜி.101 அல்லது ஆலிக்ஸ் போல ஒரு புரதம், பிளாஸ்மாவில் கலப்படத்தைக் காட்டும் அப்போ-ஏ1, அப்போ-பி (இரண்டும் கொழுப்புத் துகள்களின் புரதங்கள்) அல்லது ஆல்புமின். துகள் எண்ணிக்கையைப் புரத அளவால் வகுத்துப் பார்ப்பது எளிய சோதனை. ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு 3,000 கோடிக்கு மேல் துகள் இருந்தால் தூய்மை அதிகம், 150 கோடிக்குக் கீழே இருந்தால் கையில் இருப்பது பெரும்பாலும் புரதம். இதிலும் ஏமாற வாய்ப்புண்டு. துகள் எண்ணும் கருவிக்குக் கொழுப்பும் குமிழியும் ஒன்றுதான், கொழுப்பு நிறைந்த மாதிரி பொய்யாகவே தூய்மை காட்டும். அப்போ-பி-யைப் பார்க்காமல் இந்த எண்ணை வெளியிட வேண்டாம்.

இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. 2015-இல் கிளைபிக்கான்-1 புரதம் உள்ள குமிழிகள் கணையப் புற்றை மிகத் துல்லியமாகக் காட்டும் என்று ஒரு பெரிய அறிவிப்பு வந்தது. பின்வந்த பல குழுக்களால் அதே துல்லியத்தைக் காட்ட முடியவில்லை. மறுபக்கம், சிறுநீர்க் குமிழிகளில் மூன்று ஜீன்களின் ஆர்.என்.ஏ.வை மட்டும் அளந்து, ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பியின் புரதம்) மில்லிக்கு 2 முதல் 10 நானோகிராமுக்குள் இருக்கும் ஆண்களுக்குப் புராஸ்டேட் பயாப்ஸி தேவையா என்ற ஒரே கேள்விக்கு விடை சொல்லும் சோதனை அமெரிக்காவில் பயன்பாட்டுக்கே வந்துவிட்டது. அதுவும் பயாப்ஸிக்கு மாற்று இல்லை. ஆய்வில் சேரும் நோயாளியிடம், இந்த ரத்தம் உங்கள் சிகிச்சையை மாற்றாது என்பதைத் தமிழில், அவருக்குப் புரியும்படி சொல்லி ஒப்புதல் வாங்குவதும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் முதல் ஊசிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதல் நோயாளியைக் கூப்பிடும் முன் நலமான மூன்று பேரிடம் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, பாதியை உடனே இரண்டு முறை சுற்றி உறைய வைத்து, மீதிப் பாதியை நான்கு மணி நேரம் ஐஸில் வைத்தபின் சுற்றுங்கள். இரண்டையும் செபரோஸில் ஓட்டி, தட்டணு அடையாளமான சி.டி.41-ஐ அளந்து பாருங்கள். ஐஸில் இருந்த பாதியில் அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.